கணித ஆசிரியை மென்பொருள் சோதனையாளரானார்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த ஆசிரியை ஒருவர், 2024 தொடக்கத்தில் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை அவருடைய அனுமதியுடன் எழுதுகிறேன். நான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். அவருக்கு வழிகாட்டியவளும் நான்தான். நான் சொன்ன ஆலோசனைகளில் சில பிழையானவை. அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டேன்.

பின்னணி

எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து 2012 ஜூனில் அந்தப் பள்ளியில் சேர்ந்தார். அரசுப் பள்ளி வேலைதான் குறிக்கோள். தனியார் பள்ளி அதுவரைக்குமான இடம் என்றே நினைத்திருந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 2017இல் தேர்ச்சி பெற்றார். 2018 ஜூலையில், தகுதித் தேர்வில் தேறியவர்கள் பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்ற அரசாணை வந்தது. அந்தப் போட்டித் தேர்வுக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

2020இல் ஊரடங்கு வந்தபோது பள்ளி பாதிச் சம்பளம்தான் கொடுத்தது. கணவர் நடத்தும் சிறிய விசைத்தறிக் கூடத்துக்கும் அந்த மாதங்களில் வேலை வரவில்லை. மகன் அதே பள்ளியில் படித்தான். ஆசிரியர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம். 2022இல் அவருடைய சம்பளம் மாதம் 21,000 ரூபாய். வயது 33.

வறுமை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பத்து ஆண்டுகளிலும் இது பெரிதாக மாறாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அவரைவிட எட்டு ஆண்டுகள் மூத்த சக ஆசிரியையின் சம்பளம் அவருடையதைவிட 4,000 ரூபாய்தான் அதிகம். பணத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசியபோதெல்லாம் இந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதல் முயற்சி

2021 நவம்பரில் இணைய வழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் 28,000 ரூபாய் கட்டி, வலைத்தளத்தை முழுதாக உருவாக்கக் கற்றுத்தரும் ‘ஃபுல் ஸ்டாக்’ படிப்பில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் வேலை உறுதி என்று விளம்பரம். வகுப்பு இரவு எட்டரைக்குத் தொடங்கும். பகல் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு, வீட்டு வேலையும் முடித்து உட்காரும்போது பாதி வகுப்பு போயிருக்கும். மூன்று மாதத்தில் அவரால் ஒரு சிறிய வலைப்பக்கத்தை உருவாக்க முடிந்தது. ஆனால் எதற்காக எதை எழுதுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. 2022 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்.

நிறுத்துவதற்குச் சில நாட்கள் முன்பு அந்த நிறுவனத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இன்னும் 40,000 ரூபாய் கொடுத்தால், வேறொரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்ததாக அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தருவதாகச் சொன்னார்கள். புதியவர் என்று சொன்னால் 33 வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அவர் மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் காரணத்தைச் சொன்னார்: “அக்கா, காப்பியடித்த பையனைப் பத்து வருஷமாகப் பிடித்திருக்கிறேன். என்னால் அதைச் செய்ய முடியாது.”

அந்த முடிவு நேர்மை என்ற அளவில் மட்டுமல்ல, நடைமுறையிலும் சரியானது. அந்த ஆண்டுகளில் அவருக்கு வருங்கால வைப்புநிதி பிடித்தது பள்ளி. வைப்புநிதி உறுப்பினருக்கான அவருடைய யு.ஏ.என். எண்ணில் அது மாதவாரியாகப் பதிவாகியிருக்கிறது. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பின்னணி சரிபார்க்கும்போது முதலில் பார்ப்பவற்றுள் அதுவும் ஒன்று. பொய்ச் சான்றை நம்பிச் சேர்ந்து ஆறு மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நான் கவனித்தவை

2022 மே விடுமுறையில் உறவினர் ஒருவர் மூலம் என்னிடம் வந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். நிரல் எழுதுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. ஆனால் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அவரால் இந்தத் துறைக்கு வர முடியும் என்று நம்பினேன்.

பள்ளியில், கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸ் தளத்துக்கு மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் பொறுப்பு அவரிடம் இருந்தது. சேர்க்கைப் படிவங்களிலிருந்து தட்டச்சாகி வரும் பட்டியலைப் பதிவேற்றுவதற்கு முன் சரிபார்ப்பார். அதில் கண்ட பிழைகளை வகைவாரியாக எழுதி வைத்திருந்தார். ஒன்பது இலக்கம் மட்டும் உள்ள கைபேசி எண்கள். ஆறாம் வகுப்பு மாணவிக்கு மூன்று வயது ஆகும்படி ஒரு பிறந்த தேதி. தந்தை பெயரும் தாய் பெயரும் இடம் மாறிய பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன் நடந்தது’ என்று ஒரு பத்தி: படிவத்தில் கட்டம் சிறியது, நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா என்று படிவத்தில் குறிப்பு இல்லை, இப்படி. யாரும் கேட்டு எழுதியது அல்ல.

எங்கள் துறையில் இதற்குப் பெயர் டெஸ்டிங். பிழையைப் பார்ப்பது, அதைத் திரும்ப வரவழைப்பது, காரணத்தை ஊகிப்பது, அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவது. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இதில் பாதி இயல்பாகவே வரும். மாணவன் எந்த வரியில் கழித்தல் குறியைத் தவற விடுவான் என்று கணக்கு ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். ஆசிரியர்கள் தொழில்நுட்பத் துறைக்கு வரும்போது ‘பேச்சுத் திறன்’, ‘பொறுமை’ என்று பொதுவாக எழுதுகிறார்கள். பிழை எங்கே வரும் என்று கணிக்கும் இந்தக் கண்ணைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மென்பொருள் சோதனையைத் தேர்ந்தெடுத்தோம். வேலையை உடனே விடக் கூடாது, 2023 பொதுத்தேர்வு முடியும்வரை பள்ளியில் இருந்துகொண்டே படிக்க வேண்டும் என்றும் தீர்மானித்தோம். கணவருக்கு இதில் உடன்பாடில்லை. “நிலையான ஒரு சம்பளம் வீட்டில் இருக்கிறது, அதையும் ஏன் விடுகிறாய்?” என்று கேட்டார். தறிக்கூடத்து வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரின் நியாயமான கேள்வி அது. நான்கு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் சேர்ந்த பிறகுதான் ராஜினாமாக் கடிதம் என்ற நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார்.

படிப்பு காலை நாலரை முதல் ஐந்தரை வரை. முதலில் சோதனையின் அடிப்படைகள், பிறகு தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல். எல்லை மதிப்புச் சோதனை என்ற முறையை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் 34, 35, 36 மூன்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிழை விளிம்பில்தான் ஒளிந்திருக்கும் என்றேன். “34 வாங்கிய பிள்ளையின் தாளைத்தான் நாங்களும் மறுபடி எடுத்துப் பார்ப்போம்” என்றார். தரவுத்தள அட்டவணைகளை இணைப்பதை வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவேட்டையும் வைத்துக் கற்றுக்கொண்டார். எண்பது விழுக்காட்டுக்குக் கீழ் வருகை உள்ள, கணக்கில் தேர்ச்சி பெறாத மாணவர்கள் யார் யார்? அவர் சொந்தமாக எழுதிய முதல் வினவல் அதுதான்.

2022 டிசம்பரில், மென்பொருள் சோதனையாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐ.எஸ்.டி.க்யூ.பி.யின் அடிப்படை நிலைத் தேர்வை எழுதச் சொன்னேன். நாற்பது கேள்விகள், அறுபது நிமிடம், 26 எடுத்தால் தேர்ச்சி. அவர் 33 எடுத்தார். பின்னர் நடந்த எந்த நேர்காணலிலும் அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு அவர் டியூஷன் பணத்தைத்தான் எடுத்தார் என்று பிறகே எனக்குத் தெரிந்தது.

பள்ளியிலிருந்து விடுபடுதல்

2023 ஜனவரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். “டீச்சர், பத்தாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டுப் போகலாமா?” என்று தாளாளர் கேட்டார். நடுவில் போகவில்லை, ஏப்ரல் 20ஆம் தேதி பொதுத்தேர்வு முடிந்த பிறகே போகிறேன் என்று அவர் எழுதியே கொடுத்திருந்தார். அதனால் அந்தப் பேச்சு வளரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பல தனியார் பள்ளிகளைப் போல அந்தப் பள்ளியும் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தது. பட்டச் சான்று, பி.எட். சான்று, மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அலுவலக அலமாரியில். அவரிடம் இருந்தவை நகல்கள் மட்டுமே. எது எதைக் கொடுத்தோம் என்பதற்கான ரசீதும் இல்லை. ஏப்ரல் கடைசி நாளில் விடுவிப்புச் சான்றும் அனுபவச் சான்றும் கையில் கிடைத்தன. அசல் சான்றிதழ்கள் கிடைக்க ஜூன் இரண்டாவது வாரம் ஆயிற்று. இடையில் ஒரு நிறுவனம் அசலைக் காட்டச் சொன்னபோது அவரால் காட்ட முடியவில்லை. அந்த வாய்ப்பு போயிற்று.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இந்த நிகழ்வில் மிக முக்கியமான பகுதி. ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்றுதான் பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். அவரும் அதை நம்பியிருந்தார். ஒரு காலத்தில் அது உண்மை. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் வேலையை விடுவதற்கு எட்டே மாதம் முன்பு வந்த தீர்ப்பு அது.

அப்போதைய சட்டப்படி கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 2012 ஜூனிலிருந்து 2023 ஏப்ரல் வரை பத்து ஆண்டுகள் பதினோரு மாதம். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே பதினோரு ஆண்டுகள். பதிவேட்டில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றிருந்தது. மொத்தம் 95,192 ரூபாய். மே மாதம் விண்ணப்பித்தார், பதில் வரவில்லை. ஜூலையில் தீர்ப்பின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இழுத்தடித்து, அக்டோபரில் கொடுத்தார்கள்.

வேலை தேடிய மாதங்கள்

என்னுடைய பெரிய தவறு இங்கேதான். மூன்று மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். 2021இலும் 2022 தொடக்கத்திலும் ஆட்களை எடுத்த வேகத்தை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு அது. 2022 இறுதியிலிருந்தே நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பதைக் குறைத்துவிட்டன. என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்த அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ராஜினாமாவைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்க வேண்டும், நிலைமை தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

மே முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 140 இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்பது இடங்களில் எழுத்துத் தேர்வு, நான்கில் நேர்காணல். ஒருவர், உங்களைவிடப் பத்து வயது சிறியவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். “என் பிரின்சிபாலே என்னைவிட இளையவர்தான்” என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் நிலைமை இறுகியது. பள்ளியை விட்டதும் மகனுக்கான கட்டணச் சலுகை போய்விட்டது. முழுக் கட்டணம் கட்ட முடியாததால் அவனை அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினார்கள். அன்று மாலை அவன் யாரிடமும் பேசவில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதினான்கு பிள்ளைகளுக்குத் தலைக்கு 600 ரூபாய் வாங்கி டியூஷன் எடுத்தார், மாதம் 8,400. சேமிப்பு ஆகஸ்டில் தீர்ந்தது. செப்டம்பரில் ஐந்து பவுன் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார்கள். அக்டோபரில் வந்த பணிக்கொடையில் அதை மீட்டு, மிச்சத்தில் நான்கு மாதம் ஓட்டினார்கள். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் நவம்பரில் மீண்டும் ஏதாவது ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே அக்டோபரில், அவர் ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்த அறிவிப்பும் வந்தது. பட்டதாரி ஆசிரியர், வட்டார வள மையப் பயிற்றுநர் பணிகளுக்கு 2,222 இடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. இரண்டு படகில் கால் வைக்க வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, விண்ணப்பித்துப் படிக்கவும் தொடங்கினார். இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. அரசுப் பள்ளி வேலைக்கான பதினோரு ஆண்டுக் காத்திருப்பை, தேர்வை எழுதிப் பார்க்காமலே விட்டிருந்தால், பின்னால் இந்த வேலையில் ஒவ்வொரு கசப்பான நாளிலும் அது திரும்ப வந்து நின்றிருக்கும்.

அந்த நேர்காணல்

அக்டோபர் இறுதியில் அவருடைய விண்ணப்பக் குறிப்பை முழுதாகத் திருத்தினோம். அதுவரை முதல் வரியில் ‘மென்பொருள் சோதனையில் ஆர்வமுள்ள புதியவர்’ என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, நான்கு பிரிவுகளுக்கும் எக்செல்லில் மதிப்பெண் பகுப்பாய்வுத் தாள் உருவாக்கியது, மாணவர் தரவைச் சரிபார்த்து எமிஸில் பதிவேற்றியது, பிழை நோட்டு ஆகியவற்றை மேலே கொண்டு வந்தோம். எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்புவதை நிறுத்திவிட்டு, பள்ளி, கல்லூரிகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களை மட்டும் பட்டியலிட்டோம். தமிழ்நாட்டிலும் பெங்களூரிலுமாகச் சேர்த்து 22 பெயர்கள் தேறின.

டிசம்பரில் கோவை சரவணம்பட்டியில் ஒரு நிறுவனம் அழைத்தது. பள்ளி நிர்வாக மென்பொருள் செய்கிறவர்கள். மூத்த பொறியாளர் மதிப்பெண் பதிவுத் திரையைக் காட்டி, இதற்கு டெஸ்ட் கேஸ், அதாவது எதையெல்லாம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல், எழுதுங்கள் என்றார். வழக்கமாக வருகிறவர்கள் எதிர்மறை எண், நூற்றுக்கு மேல், எழுத்து என்று தொடங்குவார்கள். இவர் தாளில் கோடு போட்டு முதல் வரியில் எழுதியது: ‘தேர்வுக்கு வராத மாணவர்’.

செய்தும் பார்த்தார். நாற்பது பேர் வகுப்பில் தேர்வு எழுதிய 38 பேரின் சராசரி 61. வராத இருவரின் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தார். திரையில் சராசரி 57.95 என்று வந்தது. மென்பொருள் அந்த இருவருக்கும் சுழியம் போட்டிருந்தது. பெற்றோருக்குச் செல்லும் குறுஞ்செய்தி மாதிரியில் ‘தோல்வி’ என்றும் இருந்தது. “காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு இரவு எட்டு மணிக்கு இந்தச் செய்தி போகும். காலை ஒன்பது மணிக்கு அவர் பள்ளி வாசலில் நிற்பார், சார். அவரிடம் பேச வேண்டியவர் வகுப்பாசிரியர்” என்றார்.

இரண்டாவதாக அவர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்தது. பள்ளி வருகைப் பதிவேட்டில் மாணவர்கள் முதலிலும் மாணவிகள் பின்னரும் இருந்தார்கள். விடைத்தாள் கட்டும் அதே வரிசையில்தான் ஆசிரியர் கையில் இருக்கும். திரையோ பெயர்களை அகரவரிசையில் காட்டியது. ஆசிரியர் ஒவ்வொரு தாளுக்கும் பெயரைத் தேட வேண்டும். நாற்பதாவது தாளில் களைத்துப்போய் ஒரு வரி மாற்றிப் போட்டுவிடுவார், அதை எந்தச் சோதனையும் பிடிக்காது என்றார். பொறியாளர் பதில் பேசாமல் மடிக்கணினியைத் திறந்து குறித்துக்கொண்டாராம்.

தொடர்ந்து நடந்தவை

சோதனைப் பிரிவில் அப்போது காலியிடம் இல்லை. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 18,000 ரூபாய்க்கு அழைத்தார்கள். பள்ளியில் வாங்கியதைவிட 3,000 குறைவு. போதாததற்குக் கோவையில் விடுதிச் செலவு 6,500. நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. உதவி கேட்டு அழைக்கும் பள்ளிகளின் குறைகளைக் கேட்பதே சோதனைக்கான பயிற்சிதான் என்றார். 2024 பொங்கல் முடிந்து சேர்ந்தார். திங்கள் காலை ரயிலில் கோவை, வெள்ளி இரவு வீடு. பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் போட்டித் தேர்வையும் எழுதினார். தேர்வாகவில்லை.

உதவிப் பிரிவில் வந்த அழைப்புகளை அவர் பழைய வழக்கப்படி வகைபிரித்து எழுதினார். அந்தப் பட்டியல் வாரந்தோறும் சோதனைப் பிரிவுக்குப் போகத் தொடங்கியது. செப்டம்பரில் அவரையே அங்கு மாற்றிக்கொண்டார்கள், சம்பளம் 27,000. 2025 ஏப்ரலில் 36,000 ஆயிற்று. இப்போது வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. தானியங்கிச் சோதனைக்காக செலீனியம் என்ற மென்பொருள் கருவியைக் கற்றுக்கொண்டிருக்கிறார். முன்பு பயமுறுத்திய நிரல்மொழி, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு வசப்படுகிறது.

இழப்புகளும் உண்டு. மே விடுமுறை இல்லை. மகனின் ஏழாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிந்தைய மாதங்களில் அவர் வாரநாட்களில் வீட்டில் இல்லை. அவன் கணக்கில் பின்தங்கினான். ஊர்க் குழந்தைகளுக்கு அம்மா கணக்குச் சொல்லிக் கொடுத்தார், எனக்கு இல்லை என்று அவன் ஒருமுறை சொன்னதை அவர் மறக்கவில்லை. செப்டம்பர் ஐந்தாம் தேதி பழைய மாணவர்களிடமிருந்து வாழ்த்து வரும்போது அழுதுவிடுவேன் என்கிறார்.

மறுபடி செய்வதானால்

பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டிய 28,000 ரூபாய் முழுதும் தவிர்த்திருக்கக் கூடியது. வேலையின் தன்மையைத் தெரிந்துகொள்ளாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்ததன் விலை அது. சான்றிதழ் தேர்வை நான் வற்புறுத்தியிருக்கக் கூடாது.

நான்கு மாதச் சேமிப்பு போதவில்லை. குடும்பத்தில் இரண்டாவது வருமானம் ஏறி இறங்கக்கூடியது என்றால் பத்து மாதச் செலவுக்காவது வைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தக் கணக்கில் பிள்ளையின் கட்டணச் சலுகை போவதையும் சேர்ப்பேன். நாங்கள் போட்ட பட்டியலில் அந்த வரி இல்லவே இல்லை.

பள்ளி மென்பொருள் நிறுவனங்களை முதல் மாதத்திலேயே அணுகியிருக்க வேண்டும். ஆறு மாதம் அவரைப் பொதுவான புதியவராகச் சந்தையில் நிறுத்தியது என் யோசனை. அவருக்குத் தெரிந்த உலகம் எங்கெல்லாம் மென்பொருளாகியிருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அந்த நோட்டை முதல் நாளே பார்த்தவள் நான்.

சென்ற மாதம் அதே பள்ளியிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை அவரை அழைத்து, தானும் இந்தத் துறைக்கு வர விரும்புவதாகவும் எந்தப் படிப்பில் சேரலாம் என்றும் கேட்டிருக்கிறார். இவர் படிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “டீச்சர், உங்கள் அசல் சான்றிதழ்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன?” என்று கேட்டிருக்கிறார்.